அனுமதி கேட்காமல் நுழையும் அழைப்புகள்

(சுவாமிமலை வட்டாரத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



வாசலின் ஒழுக்கத்தை நம் ஊர் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்குப் போனால் வெளியில் நின்று ஸலாம் சொல்கிறோம். உள்ளிருந்து குரல் வந்தபிறகுதான் படி ஏறுகிறோம். ஆண்கள் இல்லாத வீடு என்று தெரிந்தால், சொல்ல வேண்டியதைத் திண்ணையில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். சுவாமிமலையிலும், பாபநாசத்திலும், இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பக்கங்களிலும் பரம்பரை பரம்பரையாக இருந்து வரும் பழக்கம் இது. ஆனால் இன்று ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து கைபேசிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வாசலும் இல்லை, திண்ணையும் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் நேராக நம் காதுக்குள் வந்து நிற்கிறார். வேறொருவர் அழைப்பதுகூட இல்லை. நாம் எங்கே போகிறோம், எங்கே உறங்குகிறோம் என்பதைச் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டு போகிறார்.

இது ஏதோ நவீன காலத்துத் தொல்லை, இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதைப் பற்றித் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் தனியாகவே பேசுகிறது. பிறருடைய குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. இவை இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் கையிலுள்ள இந்தச் சிறிய கருவியைப் பார்ப்போம்.

யார் அது?

நம் வட்டாரத்தில் வரும் அழைப்புகள் எப்படிப்பட்டவை என்பதை நீங்கள் அறிவீர்கள். தனிநபர் கடன் தருகிறோம் என்பார்கள். நகைக்கடனுக்கு வட்டி குறைவு என்பார்கள். புறவழிச்சாலையை ஒட்டி மனை விற்பனைக்கு இருக்கிறது என்பார்கள். வயலில் சம்பா அறுவடை நடக்கும்போது, சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து பிள்ளைதான் அழைக்கிறானோ என்று பதறி எடுத்தால், மறுமுனையில் ஓர் இயந்திரக் குரல் கடன் அட்டையைப் பற்றிப் பேசும். நம் ஊரின் வார்ப்புப் பட்டறைகளில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். உருகிய உலோகத்தை மண் அச்சுக்குள் ஊற்றத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் மடியில் கைபேசி அலறினால் என்ன செய்வது?

ஜாபிர் (ரலி) அவர்கள், தம் தந்தை விட்டுச்சென்ற கடன் விஷயமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் காணச் சென்று கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. நான்தான் என்று இவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை என்பதைப் புகாரீ நூலில் காண்கிறோம். நான் என்று சொல்வதால் யாருக்கு என்ன விளங்கும்? தட்டுபவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் அதைக் கேட்டுத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்த எளிய ஒழுக்கத்தைத்தான் நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இன்று எண்களின் வழியே கொண்டுவரப் பார்க்கிறது. விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து மட்டுமே வரவேண்டும். வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள். குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து சேர்க்கப்படுகிறது. 'பி' என்றிருந்தால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிமாற்றம், 'ஜி' என்றால் அரசு. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றால், அவரை நான்தான் என்று சொன்ன மனிதராகவே கருதி, பெயரையும் நிறுவனத்தையும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் துண்டித்துவிடுங்கள்.

இந்த ஏற்பாடுகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நம் நாட்டில் கைபேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. 2003 வரை, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் செலுத்தினோம் என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரும் அழைப்பு இலவசமானது நமக்கு ஆறுதல்தான். ஆனால் அழைக்கும் செலவும் குறைந்துகொண்டே வந்ததால் விற்பனைக்காரர்களின் கூட்டம் பெருகியது. 2005ஆம் ஆண்டு ஹர்ஷ் பதக் என்ற வழக்கறிஞர் இந்தத் தொல்லையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2007இல் ஆணையம் முதல் ஒழுங்குமுறையை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அழைக்கக் கூடாதோரின் தேசியப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. 2010இல் மற்றோர் ஒழுங்குமுறை, 2018இல் இன்னொன்று, 2025 பிப்ரவரியில் அதற்குத் திருத்தம். இருபது ஆண்டுகளாகச் சட்டம் ஓடுகிறது, விற்பனைக்காரர் அதற்கு நான்கு அடி முன்னால் ஓடுகிறார். பதிவு பெற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தினால், பதிவு பெறாதவர்கள் சாதாரண எண்களை வாங்கிக்கொண்டு அழைக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணி வரை விளம்பர அழைப்புகளைத் தடுத்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டிலுள்ள பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே நம் அறைக்குள் வரவேண்டிய மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது. அதிகாலைத் தொழுகைக்கு முன், இரவுத் தொழுகைக்குப் பின், அத்துடன் உடைகளைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல். சட்டம் இரவையும் விடியலையும் காத்தது, நண்பகலை விட்டுவிட்டது. சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்குச் சற்றே கண்ணயரும் வயதானவர்களைக் கேட்டால் அந்த வசனத்தின் அருமையைச் சொல்வார்கள்.

திரும்பிப் போங்கள் என்று சொல்லும் உரிமை

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். உமர் (ரலி) வேறு அலுவலில் ஈடுபட்டிருந்தார்கள். பதில் வராததால் அபூமூஸா திரும்பிவிட்டார்கள். பிறகு, ஏன் போய்விட்டீர் என்று கலீஃபா கேட்க, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபியவர்கள் கற்பித்ததை இவர்கள் எடுத்துரைத்தார்கள். சாட்சி கொண்டு வாரும் என்றார்கள் உமர் (ரலி). அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்னார்கள். இந்த நபிமொழி தமக்குத் தெரியாமல் போனதற்குக் கடைவீதி வியாபாரத்தில் தாம் ஈடுபட்டிருந்ததே காரணம் என்று கலீஃபா வருந்தியதையும் அறிவிப்பில் காண்கிறோம்.

நாட்டின் ஆட்சித் தலைவருக்கும், அவரைக் காண வந்த நபித்தோழருக்கும் இடையிலேயே இந்த அளவுகோல் இருந்தது. நாமோ ஒருவர் அழைப்பை எடுக்கவில்லை என்றால் ஏழு முறை, எட்டு முறை விடாமல் அழைக்கிறோம். பிறகு வாட்ஸ்அப்பில் அழைக்கிறோம். அதிலும் எடுக்காவிட்டால் அவருடைய மனைவியின் எண்ணுக்கு அழைக்கிறோம். விற்பனைக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் விரலையும் கொஞ்சம் கவனிப்போம்.

அதே அத்தியாயத்தின் 28ஆம் வசனம், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற பொருளில் கட்டளையிடுகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டுக்காரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை! இப்போது நேரமில்லை, போய் வாருங்கள் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இந்த உரிமையை மறந்துவிட்டதால்தான் நாம் பொய் சொல்கிறோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே நான் சென்னையில் இருக்கிறேன் என்கிறோம். பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்து, வாப்பா இல்லை என்று சொல்லச் சொல்கிறோம். ஒரு கடன் அட்டை விற்பனைக்காரருக்காகப் பிள்ளையின் நாவில் பொய்யை ஏற்றலாமா? வேண்டாம், இனி அழைக்காதீர்கள் என்ற இரண்டு சொற்கள் போதும்.

அதைச் சொல்லும்போதும் ஏசிவிடாதீர்கள். மறுமுனையில் பேசுபவர் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. நம் மாவட்டத்திலிருந்து படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போன யாரோ ஒருவரின் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு என்று அவர்களுக்குக் கணக்கு வைத்திருப்பார்கள். குற்றம் அந்தப் பிள்ளையுடையது அன்று; அந்த எண்ணை அதன் கையில் கொடுத்தவர்களுடையது.

எண்ணைக் கொடுத்தவர் யார்?

பெரும்பாலும் நாமேதான். பண்டிகைக் காலத்தில் துணிக்கடையில் பரிசுக் கூப்பன் தருகிறார்கள். பெயர், முகவரி, கைபேசி எண், திருமண நாள் எல்லாவற்றையும் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். பொருட்காட்சியில் ஒரு நோட்டில் எழுதுகிறோம். கடன் தருவதாகச் சொல்லும் செயலியைப் பதிவிறக்கும்போது, நம் தொடர்புப் பட்டியல் முழுவதையும் பார்க்க அது அனுமதி கேட்கிறது. படிக்காமலே சம்மதம் என்று அழுத்துகிறோம். அந்தப் பட்டியலில் இருப்பவை நம் எண்கள் அல்ல, பிறருடைய எண்கள். மாமியின் எண், பள்ளி ஆசிரியையின் எண், பெண் பார்க்க வந்த குடும்பத்தாரின் எண். நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை.

ஒருவர் நம்மிடம் பேசும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானிதம் ஆகிவிடுகிறது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, கடன் செயலிக்காக நூறு பேருடைய எண்களைத் தூக்கிக் கொடுப்பதை என்னவென்பது?

பெண்களின் எண்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. உத்தரப்பிரதேசத்தில் கைபேசிக்குப் பணம் ஏற்றும் கடைகள் சிலவற்றில், அங்கே வரும் பெண்களின் எண்கள் விற்கப்பட்டதை 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை, பெண்ணின் தோற்றத்தைப் பொறுத்து விலை வைத்திருந்தார்கள் என்று செய்தி வந்தபோது நாடே திடுக்கிட்டது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. நம் பள்ளிவாசல் சந்தா நோட்டு, மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோர் பட்டியல், திருமணத் தகவல் மையத்தின் கோப்பு ஆகியவை யார் கையில் இருக்கின்றன, எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நம் தொழுகையையும் விற்றார்கள்

சகோதரர்களே! அழைப்பாவது மணி அடித்து வருகிறது. மணி அடிக்காமல் வருவது இருக்கிறதே, அதுதான் கவலைக்குரியது.

கைபேசி இயங்க வேண்டுமானால் அது அருகிலுள்ள கோபுரத்தோடு ஓயாமல் தொடர்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கு வரும் அழைப்பை எங்கே அனுப்புவது என்று நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் கும்பகோணத்தில் இருக்கிறீர்களா, தஞ்சாவூருக்குப் போய்விட்டீர்களா என்பது கைபேசி நிறுவனத்துக்கு எப்போதும் தெரியும். நகரத்தில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் துல்லியம் கூடும்; வயல்வெளியில் குறையும். இது தவிர்க்க முடியாதது. ஜிபிஎஸ் என்பது வேறு. செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளைக் கைபேசி வாங்கிக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. செயற்கைக்கோளுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. அப்படி அறிந்த இடத்தை இணையத்தின் வழியே வெளியே அனுப்புவது கைபேசியிலுள்ள செயலிகள். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில் இருப்பது இங்கேதான்.

தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலியை உங்களில் பலர் வைத்திருக்கக்கூடும். உலகெங்கும் 9 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்ட செயலி அது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் 'மதர்போர்டு' என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அந்தச் செயலியைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு நிறுவனத்துக்குப் போகிறது, அந்நிறுவனம் அத்தகைய விவரங்களை அமெரிக்க இராணுவத்துக்குப் பணிசெய்யும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு விற்கிறது என்பதே செய்தி. முஸ்லிம் உலகம் கொதித்தது. செயலியை நடத்துவோர், தனிப்பட்ட விவரங்களை இராணுவத்துக்கு விற்றோம் என்பது உண்மையன்று என மறுத்தார்கள். அதே வேளையில் எக்ஸ்-மோட் உள்ளிட்ட தரவு நிறுவனங்களோடு வைத்திருந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் மென்பொருள் துணுக்கைச் செயலிகளிலிருந்து நீக்குமாறு உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் சென்றுவருவதைக் காட்டும் இருப்பிட விவரங்களை விற்கக் கூடாது என்று அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

பெயர் இல்லாமல்தானே விற்றார்கள், அதில் என்ன தீங்கு என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு கைபேசிக்கும் விளம்பரத்துக்கென ஓர் அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணுடைய கைபேசி இரவெல்லாம் ஒரு வீட்டில் இருக்கிறது. ஃபஜ்ர் நேரத்தில் பள்ளிவாசலில் இருக்கிறது. பகலில் ஒரு குறிப்பிட்ட கடையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருத்துவமனைக்குப் போகிறது. இதற்கு மேல் பெயர் எதற்கு? ஊரில் யாரைக் கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவார்களே!

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு மனிதர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். தலை வாரும் இரும்புச் சீப்பு அப்போது நபியவர்களின் கையில் இருந்தது. பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் இதனால் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற அளவுக்குக் கடிந்துகொண்டு, அனுமதி கேட்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். அந்த மனிதர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பார்ப்பதே நுழைவதாகும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட இலக்கணம்.

நம் நாட்டின் நீதிமன்றங்களும் மெல்ல மெல்ல இந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. அதில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கியது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலையில், பிணையில் வெளியே வரும் ஒருவர் கூகுள் வரைபடத்தில் தாம் இருக்குமிடத்தைக் காவல் அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை இருக்கிறதென்றால், குற்றமேதும் செய்யாத நமக்கு? 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. சட்டம் வந்து காக்கும் என்று கைகட்டி இருக்க முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் வேவு

இப்போது சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்ல வேண்டியது கடமை.

நம் பகுதி ஆண்கள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே அடுப்பு எரிகிறது. அவர்களின் தனிமை நமக்குத் தெரியும். அந்தத் தனிமையில் சிலருக்கு ஒரு நோய் பிடிக்கிறது. மனைவி எங்கே இருக்கிறாள் என்பதை நொடிக்கு நொடி காட்டும் வசதியைக் கைபேசியில் போடச் சொல்கிறார்கள். தாய் வீட்டுக்குப் போன பெண் மருந்துக்கடையில் பத்து நிமிடம் நின்றால், துபாயிலிருந்து அழைப்பு வருகிறது: ஏன் அங்கே நிற்கிறாய்? அழைப்பு எடுக்கத் தாமதமானால் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அழைப்புப் பட்டியலை அழித்தாயா என்று விசாரணை. இப்படி ஆரம்பித்துத் தலாக் வரை போன குடும்பங்களை ஜமாஅத்தில் பஞ்சாயத்து பேசும் பெரியவர்கள் அறிவார்கள்.

பயணம் போன ஒருவர், மனைவி தமக்குத் துரோகம் செய்கிறாரோ என்று ஐயுற்றும், அவருடைய தவறுகளைத் தேடியும், சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வீட்டுக்கு வந்து நிற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. தம்முடைய சொந்த வீடு, தம்முடைய சொந்த மனைவி, நெடும்பயணத்தின் களைப்பு ஆகிய இத்தனைக்கும் பிறகும், உளவு பார்க்கும் நோக்கத்தோடு வராதே என்றார்கள். அன்று ஓர் இரவில் ஒருமுறை நிகழக்கூடியதையே தடுத்த மார்க்கம், இன்று இருபத்து நான்கு மணி நேரமும் நிகழ்வதை எப்படி ஏற்கும்?

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இப்படியொரு வழக்கு வந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்து, மணவிலக்கு வழக்கில் கணவர் சாட்சியமாக வைத்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு, அதை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்றார். ஆனால் 2025 ஜூலையில், மனைவியின் பேச்சைக் கணவர் இரகசியமாகப் பதிவுசெய்த வேறொரு வழக்கில், அத்தகைய பதிவுகளை மண வழக்குகளில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு ஒரு மணவாழ்வு வந்துவிட்டது என்றால், அது ஏற்கெனவே முறிந்திருப்பதன் அடையாளம் என்ற கருத்தையும் அத்தீர்ப்பு சொல்கிறது.

ஆக, நீதிமன்றத்தில் சான்றாகுமா என்பது ஒரு கேள்வி. அல்லாஹ்விடம் விடை சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு வழக்கறிஞர் பதில் சொல்வார். பிறர் விரும்பாத நிலையில் அவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவருடைய காதில் மறுமையில் ஈயம் ஊற்றப்படும் என்ற எச்சரிக்கையைப் புகாரீயில் படித்தவர்கள் இரண்டாவதற்குத் தாமே பதில் தேடிக்கொள்ளட்டும். மனைவிமார்களும் விதிவிலக்கல்லர். கணவர் குளிக்கப் போனதும் அவருடைய கைபேசியைத் திறந்து பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் இரவு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு மதீனாவில் காவல் சுற்றி வந்தார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே குடித்துக் கூச்சலிடும் சத்தம் கேட்டது. என்ன செய்யலாம் என்று தோழரிடம் கேட்டார்கள். நாம் துருவி ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், அல்லாஹ் தடுத்ததைச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற கருத்தைத் தோழர் தெரிவித்ததும், கலீஃபா அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். குற்றம் உண்மையாகவே உள்ளே இருந்தது. ஆட்சியாளரிடம் அதிகாரமும் இருந்தது. அப்படியும் திரும்பினார்கள்.

இருப்பிடத்தைப் பகிர்வதே ஹராம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறதி நோயுள்ள தகப்பனாரின் கையில் இருப்பிடம் காட்டும் கைபேசியைக் கொடுப்பது அன்பு. இரவுப் பேருந்தில் தனியாக வரும் மகள், வீடு சேரும் வரை தான் இருக்குமிடத்தைத் தாய்க்குக் காட்டிக்கொண்டு வருவது அறிவு. ஆபத்தில் 112 என்ற எண்ணை அழைப்பதும், தமிழ்நாடு காவல்துறை 2022இல் வெளியிட்ட 'காவல் உதவி' செயலியை வைத்திருப்பதும் நல்லதே. இவற்றிலெல்லாம் பார்க்கப்படுபவருக்குத் தாம் பார்க்கப்படுவது தெரியும், அவர் சம்மதித்திருக்கிறார், அவருடைய நன்மைக்காகவே அது நடக்கிறது. சிறு பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிப்பதில் தடையில்லை. கண்காணிக்கிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கல்லூரிக்குப் போகும் வயதில், அவர்களைப் பின்தொடர்வதைவிட அவர்களோடு உட்கார்ந்து பேசுவது பலன் தரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியவை சில உண்டு. 1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டுச் சுழியத்தைச் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால், விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் பதிவேட்டில் உங்கள் எண் சேரும். எழுதத் தெரியாதவர்கள் அதே எண்ணை அழைத்துச் சொல்லலாம். அதன் பிறகும் யாரேனும் சாதாரண எண்ணிலிருந்து விற்பனைக்கு அழைத்தால், ஏழு நாட்களுக்குள் 1909இல் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாட்கள்தான் இருந்தன. புகாரின் மீது நடவடிக்கை எடுக்க நிறுவனங்களுக்கு முன்பு முப்பது நாட்கள் இருந்தன; 2025ஆம் ஆண்டின் திருத்தம் அதை ஐந்தாகக் குறைத்தது. பத்து நாட்களுக்குள் ஐந்து பேர் ஒரே எண்ணைப் பற்றிப் புகார் செய்தால் போதும், அந்த எண்ணின் மீது நடவடிக்கை தொடங்கும். ஒரு தெருவில் ஐந்து வீடு இல்லையா?

கைபேசியின் அமைப்புகளுக்குள் இருப்பிடம் என்ற பகுதியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பயன்படுத்தும்போது மட்டும் என்ற தெரிவு இருக்கும். அதற்கு மேல் எதற்கும் தேவையில்லாத செயலிகளே பெரும்பாலானவை. டார்ச் விளக்குச் செயலிக்கு நீங்கள் நிற்குமிடம் எதற்கு? புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் விளம்பர அடையாள எண்ணையே நீக்கிவிடலாம். தொழுகை நேரச் செயலியில் இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டுக் கும்பகோணம் என்று ஊரின் பெயரைக் கையால் எழுதிக் கொடுங்கள், நேரம் மாறிவிடாது. கிப்லாவின் திசையோ உங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே மாறவில்லை.

இவற்றைத் தனியாகச் செய்யத் தெரியாத பெரியவர்கள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் முன்தாழ்வாரத்தில் சற்றுக் காத்திருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் அங்கே அமர்ந்திருப்பார்கள். வீட்டிலுள்ள தாய்மார்களின் கைபேசிகளுக்கு, அவர்களுடைய பிள்ளைகளே மாலையில் செய்து கொடுக்கட்டும். இளைஞர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கைபேசியை உரியவரின் கையிலேயே விட்டுவிட்டு, எங்கே தொட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.